'பொருந்தாது' என்று எழுதும் முன்: ஜெட் இன்ஜின் பாகத்தை மாற்றச் சொல்லி ஏடி வந்தால் செய்ய வேண்டியவை

போன வாரம் பெங்களூரிலிருந்து அக்கா பையன் கூப்பிட்டான். விமானப் பராமரிப்புக்கான ஏ.எம்.இ. படிப்பை முடித்து ஒரு விமானக் கம்பெனியின் டெக்னிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. "மாமா, ஒரு ஏடி வந்திருக்கு. லிஸ்ட்ல எங்க இன்ஜின் நம்பர் எதுவும் இல்ல. பொருந்தாதுன்னு போட்டு மூடிரலாமுல்ல?" என்றான். "லிஸ்ட்ல இருக்கறது இன்ஜின் நம்பரா கண்ணு, டிஸ்க் நம்பரா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பேப்பர் புரளும் ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாக, "டிஸ்க் நம்பர் மாமா" என்றான். ஏடி என்பது ஒரு பாகத்தைச் சோதிக்கவோ மாற்றவோ சொல்லும் கட்டாய உத்தரவு, டிஸ்க் என்பது இன்ஜினுக்குள் பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் சக்கரம்.

அவனுக்கு அன்றைக்குச் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஏடி என்றால் என்ன என்று பரீட்சைக்கு எல்லோரும் படித்திருப்பார்கள், ஆனால் நிஜமாக ஒன்று மேஜைக்கு வந்து விழுந்தால் எந்த வரியிலிருந்து தொடங்குவது என்று பலருக்கும் தெரிவதில்லை. உங்கள் கம்பெனியின் நடைமுறைக் கையேடுதான் உங்களைக் கட்டுப்படுத்தும், அதை ஓரம் வைத்துவிட்டு இதைப் பின்பற்றாதீர்கள். அதைப் புரிந்துகொண்டு படிக்க இது உதவும்.

முதலில், உத்தரவு எங்கிருந்து வருகிறது

ஒரு இன்ஜின் வகை எந்த நாட்டில் வடிவமைக்கப்பட்டதோ, அந்த நாட்டின் விமானப் பாதுகாப்பு அமைப்புதான் அதற்குப் பொறுப்பு. அந்த வகையில் ஆபத்தான குறை ஒன்று தெரிய வந்தால், இதைச் சோதி, இதை மாற்று, இத்தனை நாளுக்குள் முடி என்று அந்த அமைப்பு சட்டபூர்வமான உத்தரவு போடும். அதுதான் ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், சுருக்கமாக ஏடி. அமெரிக்காவில் எஃப்ஏஏ, ஐரோப்பாவில் ஈஏஎஸ்ஏ, கனடாவில் டிரான்ஸ்போர்ட் கனடா. நம் கமலாபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்கும் ஏடிஆர் 72-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: விமானத்தின் உடலுக்கு ஐரோப்பாவிலிருந்து ஏடி வரும், இறக்கையில் மாட்டியிருக்கும் பிடபிள்யூ127 இன்ஜினுக்குக் கனடாவிலிருந்து வரும். வெளியே ப்ரொபெல்லர் சுற்றினாலும் உள்ளே இருப்பது டர்பைன்தான், ஜெட் இன்ஜினுக்குச் சொல்வது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

இந்தியாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான டிஜிசிஏ இந்த வெளிநாட்டு ஏடிகளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதுபோக, தேவை என்று பட்டால் தானாகவும் உத்தரவு போடும். 2018 மார்ச்சில் ஏ320 நியோ விமானங்கள் சிலவற்றை அது ஒரே நாளில் தரையிறக்கியது, பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ1100 இன்ஜினில் சீரியல் நம்பர் 450-ம் அதற்கு மேலும் உள்ளவற்றில் சீல் ஒன்று சரியில்லை என்பது காரணம். 2019 நவம்பரில் இண்டிகோவிடம், மூன்றாம் அடுக்கு லோ பிரஷர் டர்பைன் பிளேடு மாற்றப்படாத இன்ஜின்களை எல்லாம் 2020 ஜனவரி 31-க்குள் மாற்றச் சொன்னது, பிறகு அந்தக் கெடு நீண்டது. ஆகவே வெளிநாட்டு இணையதளத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார முடியாது, டிஜிசிஏ பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சர்வீஸ் புல்லட்டின் என்று ஒன்று உண்டு, அது இன்ஜின் கம்பெனி அனுப்புவது. அது தனியாக வந்தால் பரிந்துரை. ஏடி அதன் நம்பரைச் சுட்டி இதன்படி செய் என்று சொல்லிவிட்டால் அந்தப் பகுதி சட்டம் ஆகிவிடும். இந்த வித்தியாசத்தைப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஏடியைப் படிக்கும் வரிசை

நம்பரைப் பாருங்கள். எஃப்ஏஏ நம்பரில் முதலில் வருடம், அடுத்து அந்த வருடத்தின் எத்தனையாவது இரு வாரம், கடைசியில் வரிசை எண். கடைசி எண் 51 என்றோ அதற்கு மேலோ இருந்தால் அது அவசர ஏடி. ஈஏஎஸ்ஏ நம்பரில் கடைசியில் ஈ என்ற எழுத்து இருந்தால் அவசரம், ஆர்1 என்று இருந்தால் முதல் திருத்தம். அவசரம் என்று தெரிந்தால் மற்ற வேலையை வைத்துவிடுங்கள். அப்புறம், இது பழைய ஏடி எதையாவது ரத்து செய்துவிட்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழையதை முடித்து வைத்திருப்போம், புதியதும் அதே பாகத்தைப் பற்றித்தானே என்று விட்டுவிடுவோம், ஆனால் புதியதில் சீரியல் நம்பர் பட்டியல் நீண்டிருக்கும்.

வெளியிட்ட தேதி வேறு, அமலுக்கு வரும் தேதி வேறு. கெடுவை எதிலிருந்து எண்ணுவது என்று ஏடியே சொல்லும், பெரும்பாலும் அமல் தேதியிலிருந்துதான்.

காரணம் சொல்லும் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, உடைந்தால் என்ன ஆகும் என்று அங்கே நாலு வரியில் இருக்கும். அதைப் படித்தால்தான் நீங்கள் தேடுவது எந்த இடத்து விரிசல், எந்தக் காலத்து உலோகம் என்பது மனதில் நிற்கும், வெறும் நம்பரை ஒப்பிடுகிறவனுக்கும் உங்களுக்கும் அங்கேதான் வித்தியாசம் வருகிறது.

டிஸ்க் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

ஏடியில் டிஸ்க், ஹப், ஷாஃப்ட் என்ற வார்த்தை வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். பிளேடு ஒன்று உடைந்தால் இன்ஜின் உறை அதைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று சோதித்துத்தான் இன்ஜினுக்கு அங்கீகாரமே தருகிறார்கள். டிஸ்க் அப்படி இல்லை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று, சில இன்ஜினில் 20,000 சுற்றுக்கும் மேல் சுழலும் கனமான உலோகச் சக்கரம் அது, வெடித்தால் எந்த உறையும் தாங்காது, துண்டுகள் இறக்கையையும் உடலையும் துளைத்துக்கொண்டு போகும். அதனால் அதற்கு ஆயுள் வரம்பு வைத்திருக்கிறார்கள், இத்தனை சைக்கிள், அதாவது இத்தனை தடவை ஏறி இறங்கியதும் பார்க்க நன்றாகவே இருந்தாலும் கழற்றி எறிய வேண்டியதுதான். இந்தக் கணக்கு முழுவதும் உலோகம் சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது.

செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ கொலுசுப் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெள்ளியை உருக்கும்போது துளி அழுக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் கட்டி பளபளவென்றுதான் இருக்கும், தட்டிப் பார்த்தாலும் தெரியாது, கம்பியாக இழுக்கும்போது சரியாக அந்த இடத்தில் அறுந்து போகும். டிஸ்கை ஒவ்வொரு டேக்ஆஃபும் அப்படித்தான் இழுக்கிறது. உள்ளே இருக்கும் துகளைச் சுற்றி ஒவ்வொரு இழுப்பிலும் விரிசல் ஒரு மயிரிழை வளரும். பல வருடம் ஒன்றும் நடக்காது.

1989 ஜூலை 19, யுனைடெட் ஏர்லைன்ஸ் 232. டிசி-10 விமானத்தின் நடு இன்ஜினில் டைட்டானியம் ஃபேன் டிஸ்க் வெடித்து ஹைட்ராலிக் குழாய்கள் மொத்தமும் போய், அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். டைட்டானியத்தை உருக்கியபோதே உள்ளே தங்கிவிட்ட கெட்டியான ஒரு துகளிலிருந்து வளர்ந்த விரிசல் அது, டிஸ்க் செய்து 17 வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அந்த விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. தயாரிப்புக் காலத்து ஆவணங்களைத் தோண்டியபோது ஒரே சீரியல் நம்பரில் இரண்டு டிஸ்க் இருந்ததாகப் பதிவு காட்டியது. இதை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது நடப்பதும் அதே வகை. 2020 மார்ச் 18-ல் ஏ321 ஒன்று ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது வி2533 இன்ஜினின் ஹை பிரஷர் டர்பைன் முதல் அடுக்கு டிஸ்க் வெடித்தது. 2022 டிசம்பர் 24-ல் ஏ320 நியோவின் இன்ஜினில் ஏழாவது அடுக்கு கம்ப்ரஸர் ரோட்டார் உடைந்தது. இரண்டும் பவுடர் உலோகத்தில் செய்தவை: நிக்கல் கலவையை உருக்கி, தூளாகத் தெளித்து, அந்தத் தூளை அழுத்திக் கெட்டியாக்கி, அடித்து வடிவம் கொடுப்பார்கள். அந்தத் தூளில்தான் கலப்படம் புகுந்தது. 2015 கடைசியிலிருந்து 2021-ன் மூன்றாம் காலாண்டு வரை தயாரான தூளுக்கு இந்தச் சிக்கல் என்று 2023-ல் பிராட் அண்ட் விட்னியின் தாய்க் கம்பெனியே அறிவித்தது, அடுத்த மூன்று வருடத்தில் கூடுதலாக 600 முதல் 700 இன்ஜின் வரை இறக்கையிலிருந்து இறக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. அந்த டிஸ்கை வெளியிலிருந்து பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத்தான் இருக்கும். பிரித்துச் சொல்லக்கூடியது இரண்டே இரண்டு: ஒன்று கோணம் மாற்றி மாற்றிச் செய்யும் அல்ட்ராசோனிக் சோதனை, இன்னொன்று அதில் பொறித்திருக்கும் சீரியல் நம்பர்.

பொருந்துமா பொருந்தாதா

இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். ஏடியில் பொருத்தம் சொல்லும் பத்தி முதலில் இன்ஜின் மாடலைச் சொல்லும், அடுத்து பாகத்தின் பார்ட் நம்பர், அடுத்து சீரியல் நம்பர் பட்டியல். மாடல் பொருந்தவில்லை என்றால் மட்டும்தான் உட்கார்ந்த இடத்திலேயே 'பொருந்தாது' என்று எழுதலாம். மாடல் பொருந்திவிட்டால் அந்த இன்ஜினுக்குள் இந்த நிமிடம் மாட்டியிருக்கும் பாகத்தின் நம்பர் தெரியாமல் அந்த வார்த்தையை எழுதக் கூடாது.

இன்ஜின் ஒரு பெயர்ப்பலகையோடு பிறக்கிறது, ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கும் ஷாப்புக்குப் போகும்போது ஒரு மாட்யூலை, அதாவது ஒரு முழுப் பகுதியையே கழற்றி வேறு இன்ஜினுடைய மாட்யூலை மாட்டி அனுப்புவது சாதாரணம். ஃபேன் பிளேடு ஒவ்வொன்றாகக்கூட இடம் மாறும். எனக்கு வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்தில் நடந்தது இது. ஏடி ஒன்றில் டர்பைன் டிஸ்க் பட்டியல் வந்தது, கூடவே அந்த டிஸ்குகள் தயாரிப்பின்போது எந்தெந்த இன்ஜினில் மாட்டப்பட்டன என்ற பட்டியலும் புல்லட்டினில் இருந்தது. நான் இரண்டாவது பட்டியலை மட்டும் ஒப்பிட்டேன். எங்கள் இன்ஜின் அதில் இல்லை. 'பொருந்தாது' என்று எழுதினேன், மேலே இருந்தவரும் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த இன்ஜின் ஷாப்புக்குப் போனபோது அங்கிருந்து போன் வந்தது, முதல் பட்டியலில் உள்ள டிஸ்க் ஒன்று உங்கள் இன்ஜினில் இருக்கிறது என்று. முந்தைய ஷாப் விசிட்டில் மாட்யூல் மாறியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அந்த இன்ஜின் ஆயிரம் தடவைக்கு மேல் ஆட்களோடு மேலே போய் வந்திருக்கிறது. சோதனையில் டிஸ்கில் விரிசல் இல்லை. இருந்தாலும் அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து, இன்றுவரை அது மனதை விட்டுப் போகவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது: கடைசி ஷாப் விசிட் அறிக்கையை எடுங்கள், அதில் ஆயுள் வரம்புள்ள பாகங்களின் பட்டியல் சீரியல் நம்பரோடு இருக்கும். அதற்குப் பிறகு இறக்கையில் வைத்தே மாற்றிய பாகங்களின் டாஸ்க் கார்டுகளை (வேலைச் சீட்டுகளை) எடுத்து அந்தப் பட்டியலோடு சேருங்கள். கம்ப்யூட்டரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், ஆனால் கம்ப்யூட்டரை மட்டும் நம்பாதீர்கள், அதிலும் யாரோ ஒருவர் கையால் அடித்த நம்பர்தான் இருக்கிறது. 0-வும் ஓ என்ற எழுத்தும் மாறியிருக்கும், நடுவில் ஒரு எண் விட்டுப்போயிருக்கும். பாகம் வெளியில் தெரிகிற இடத்தில் இருந்தால் ஆளை அனுப்பி நேரில் படித்துப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள். உள்ளே புதைந்திருந்தால் அதை மாட்டிய ஷாப்பிடம் அவர்கள் வேலைத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

2018 ஏப்ரல் 17, சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1380-ன் சிஎஃப்எம்56-7பி இன்ஜினில் ஒரு ஃபேன் பிளேடு அடியோடு உடைந்து, சிதறிய துண்டு ஜன்னலைத் தாக்கி ஒரு பயணி இறந்தார். அந்த பிளேடு 32,000 சைக்கிளுக்கு மேல் ஓடியது. மூன்றே நாளில் அவசர ஏடி வந்தது, 30,000 சைக்கிள் தாண்டிய ஒவ்வொரு ஃபேன் பிளேடையும் 20 நாளுக்குள் அல்ட்ராசோனிக்கில் சோதிக்கச் சொன்னது. கவனியுங்கள், கணக்கு இன்ஜினுக்குப் போட்டது கிடையாது, பிளேடுக்குப் போட்டது. ஒரு இன்ஜினில் 24 பிளேடு. ஒவ்வொன்றும் எந்தெந்த இன்ஜினில் எத்தனை சைக்கிள் ஓடியது என்று தெரிந்தவர்களுக்கு அந்த 20 நாள் போதும். தெரியாதவர்களுக்குச் சோதனை தொடங்கும் முன்பே பாதி நாள் பழைய லாக் புக்கைத் தேடுவதில் போய்விடும்.

கெடுவைக் கணக்குப் போடுவது

கெடு மூன்று விதத்தில் வரும்: பறந்த மணி, சைக்கிள், காலண்டர் நாள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு சைக்கிள். மணியையும் சைக்கிளையும் ஏன் தனித்தனியாக எண்ணுகிறோம் என்று கேட்பவர்களிடம் நான் ஏற்காடு பஸ்ஸைத்தான் காட்டுவேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தூரம் கொஞ்சம்தான், ஆனால் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மேலே போகும்போது கியருக்கு வேலை, கீழே வரும்போது பிரேக்குக்கு வேலை. சென்னைக்கு நேராகப் போகும் பஸ் அதைவிடப் பல மடங்கு கிலோமீட்டர் ஓடியிருக்கும், ஆனாலும் எந்த வண்டியின் பிரேக் லைனிங் முதலில் தேயும் என்று டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சேலம், பெங்களூர் போன்ற குட்டித் தூரம் பறக்கும் விமானம் அந்த ஏற்காடு பஸ் மாதிரி, மணி மெதுவாக ஏறும், சைக்கிள் மளமளவென்று ஏறும்.

'எது முன்னால் வருகிறதோ', 'எது பின்னால் வருகிறதோ' என்ற இரண்டு சொல்லில்தான் அதிகம் தவறு நடக்கிறது. விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: புதிதிலிருந்து 9,000 சைக்கிள் ஆகும் முன், அல்லது ஏடி அமலானதிலிருந்து 150 சைக்கிளுக்குள், எது பின்னால் வருகிறதோ அதற்குள் டிஸ்கை மாற்று என்று இருக்கிறது. அமல் தேதியன்று உங்கள் டிஸ்கின் கணக்கு 8,920. முதல் வரிப்படி 80 மிச்சம், இரண்டாவது வரிப்படி 150 மிச்சம். பின்னால் என்பதால் 150 எடுத்துக்கொள்ளலாம், ஒரு நாளைக்கு 7 சைக்கிள் ஓட்டினால் 21 நாள். அதே இடத்தில் 'முன்னால்' என்று இருந்திருந்தால் 80 சைக்கிள், 11 நாள்தான். ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் பத்து நாள் சட்டத்துக்கு வெளியே பறக்கிறீர்கள். இன்னொன்று, அந்த 8,920 என்பது அமல் தேதியன்று இருந்த எண்ணாக இருக்க வேண்டும், நீங்கள் தாளைக் கையில் எடுத்த நாளின் எண்ணாக இருக்கக் கூடாது. கிடைத்ததைத் தேதியாக மாற்றி, அதிலிருந்து சில நாள் முன்னால் தள்ளித் திட்டப் பிரிவுக்குக் கொடுங்கள், விமானம் திடீரென்று கூடுதல் டிரிப் அடித்தால் சைக்கிள் கெடு தேதிக்காகக் காத்திருக்காது.

சில ஏடி 'அடுத்த ஷாப் விசிட்டில்' என்று முடித்துவிடும். ஷாப் விசிட் என்றால் எது என்று அந்த ஏடியிலேயே விளக்கம் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும், நம் வழக்கத்தில் சொல்வதை எடுக்கக் கூடாது.

புதுப் பாகம் வாங்கும்போது

உத்தரவு வந்த அன்றைக்கே உலகத்தில் எல்லோரும் அதே பாகத்தைத் தேடுவார்கள், விலை ஏறும், கிடைக்காது. அந்த நேரத்தில்தான் யாரோ ஒருவர் என்னிடம் ஸ்டாக் இருக்கிறது என்று வருவார். 2023-ல் சிஎஃப்எம்56 இன்ஜின்களுக்குப் பொய்ச் சான்றிதழோடு பாகங்கள் பல நாட்டு விமானங்களுக்குள் போயிருந்தது வெளியே வந்து, இன்ஜின்களைக் கழற்றித் தேட வேண்டியதாயிற்று. ஆகவே சான்றிதழ் இல்லாமல் பாகத்தைத் தொடாதீர்கள். இந்தியாவில் சிஏ ஃபார்ம் 1, ஐரோப்பாவில் ஈஏஎஸ்ஏ ஃபார்ம் 1, அமெரிக்காவில் எஃப்ஏஏ 8130-3. தாளில் உள்ள சீரியல் நம்பரைப் பாகத்தில் உள்ளதோடு விளக்கடியில் வைத்து ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் தாளில் இருக்கும் போன் நம்பரை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் நம்பரை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு, இந்தச் சான்றிதழ் நீங்கள் கொடுத்ததா என்று கேளுங்கள்.

பழைய டிஸ்க் வாங்கினால் அது பிறந்த நாளிலிருந்து இன்றுவரை எங்கே மாட்டியது, எத்தனை சைக்கிளில் கழற்றியது என்ற வரலாறு இடைவெளி இல்லாமல் வேண்டும். நடுவில் ஆறு மாதம் விட்டுப்போயிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். வாங்கும் பாகத்தின் நம்பர் நீங்கள் முடிக்கப் பார்க்கும் அதே ஏடியின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், கெட்டதைக் கழற்றிவிட்டு அதே கூட்டத்தில் இன்னொரு கெட்டதை மாட்டிய கதை நடக்கக்கூடியதுதான்.

மாட்டும் வேலை

இதை மெயின்டனன்ஸ் மேனுவலும் புல்லட்டினும் சொல்லும், நான் நீட்டவில்லை. ஏடி சுட்டும் புல்லட்டின் எந்தத் திருத்தம் என்று மட்டும் பாருங்கள், ஏடி இரண்டாம் திருத்தத்தைச் சொல்லியிருக்க நீங்கள் கையில் கிடைத்த முதல் திருத்தத்தின்படி செய்திருந்தால் அது செய்ததாகவே ஆகாது, ஏடியே அனுமதித்திருந்தால் தவிர. ஒரு விமானத்தின் எல்லா இன்ஜினிலும் ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே ஷிஃப்டில் செய்ய விடாதீர்கள். 1983 மே 5-ல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் டிரைஸ்டார் ஒன்றில் மூன்று இன்ஜினிலும் ஓ-ரிங் எனும் சீல் வளையம் போடாமல், ஆயிலில் உலோகத் துகள் வந்தால் காட்டும் சிப் டிடெக்டரை மாட்டிவிட்டார்கள், ஆயில் மொத்தமும் ஒழுகி, கடலுக்கு மேல் ஒவ்வொன்றாக இன்ஜின் போய், கடைசியில் ஒன்றை மறுபடி உயிர்ப்பித்து மயாமிக்குத் திரும்பினார்கள். 172 பேர் உள்ளே இருந்தார்கள்.

பாகம் சின்னதாக இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம். 2010 நவம்பர் 4-ல் குவாண்டாஸ் 32-ன் டிரென்ட் 900 இன்ஜின் வெடித்ததற்கு ஆரம்பம் ஒரு குட்டி ஆயில் குழாய், உள்துளை மையம் விலகிக் குடைந்ததால் ஒரு பக்கம் சுவர் மெலிந்திருந்தது. அங்கே விரிசல் விட்டு, ஆயில் கசிந்து தீப்பிடித்து, டர்பைன் டிஸ்க் வெடித்தது. 469 பேரும் பிழைத்தார்கள்.

கெடுவுக்குள் முடியாது என்றால்

பாகம் வரவில்லை, ஷாப்பில் இடமில்லை என்று நாமாகவே ஒரு வாரம் நீட்டிக்கொள்ள வழியில்லை. மாற்று முறை ஒன்று அதே அளவு பாதுகாப்பு தரும் என்று காட்ட முடிந்தால் அதற்கு எழுதி அனுமதி வாங்கலாம், ஏஎம்ஓசி என்பார்கள். சீக்கிரமே கேட்க வேண்டும், கெடுவுக்கு முந்தின நாள் கேட்டால் கிடைக்காது. ஏடி தடுக்காமல் இருந்தால், பயணிகள் இல்லாமல் வேலை நடக்கும் இடத்துக்கு மட்டும் ஓட்டிப் போகத் தனி அனுமதி கேட்கலாம். இரண்டும் இல்லையென்றால் விமானம் நிற்க வேண்டியதுதான். வரிசையாக நிற்கும் ஏ320 நியோக்களைப் பார்க்கும்போது எவ்வளவு பணம் நிற்கிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் நிம்மதியாகத்தான் இருக்கிறது, யாரோ ஒருவர் நம்பரைச் சரியாகப் பார்த்திருக்கிறார்.

கழற்றிய பாகமும் எழுதும் தாளும்

கழற்றிய கெட்ட டிஸ்க் நல்ல டிஸ்க் மாதிரியே இருக்கும் என்று மேலே சொன்னேன். அதனால் உடனே சிவப்பு டேக் கட்டி, பூட்டிய இடத்தில் வையுங்கள். இன்ஜின் கம்பெனி ஆய்வுக்குக் கேட்டால் அனுப்புங்கள். வேண்டாம் என்றால் மறுபடி யாரும் மாட்ட முடியாதபடி வெட்டுங்கள், ஓரத்தில் ஒரு துளை போடுவது போதாது, டிஸ்கை நடுவில் துண்டாக்க வேண்டும், சீரியல் நம்பர் உள்ள இடத்தைச் சிதைத்துப் பதிவு செய்ய வேண்டும். நிக்கல் கலவையும் டைட்டானியமும் நல்ல விலைக்குப் போகும் சரக்கு, நம்ம ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரரே எடை போடாமல் விலை சொல்வார். முழுசாக வெளியே போனால் இரும்பு விலைக்கு வாங்கியவர் பாக விலைக்கு விற்க வழி கிடைத்துவிடும்.

பதிவில் ஏடி நம்பர், திருத்தம், எந்த முறையில் முடித்தோம், கழற்றிய சீரியல் நம்பர், மாட்டிய சீரியல் நம்பர், தேதி, அன்றைய மணி, சைக்கிள், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதென்றால் அடுத்த கெடு, எல்லாம் வேண்டும். 'செய்தாயிற்று' என்று ஒரு சொல் எழுதினால் ஐந்து வருடம் கழித்து அந்த விமானத்தை வாங்குகிறவருக்கு அது வெறும் மை. 'பொருந்தாது' என்று எழுதினால் பக்கத்திலேயே ஏன் என்று எழுதுங்கள்: உள்ளே இருக்கும் டிஸ்கின் நம்பர் இது, எந்தத் தாளில் பார்த்தேன், அது பட்டியலில் இல்லை என்று.

இவ்வளவும் ஆன பிறகு ஸ்டோர்ஸுக்குப் போங்கள். அலமாரியில் இருக்கும் ஸ்பேர் டிஸ்க், மூலையில் ஸ்டாண்டில் நிற்கும் ஸ்பேர் இன்ஜின், வேறு கம்பெனிக்கு வாடகைக்குக் கொடுத்தது, ஷாப்பிலிருந்து இன்னும் திரும்பாதது, இவை எதுவும் பறப்பதில்லை என்பதால் யாருடைய கெடு பட்டியலிலும் வராது. ஏடியின் கடைசிப் பக்கத்தில் இந்த நம்பர்களை இனி எந்த இன்ஜினிலும் மாட்டக் கூடாது என்று தடை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வாங்கும் சிஸ்டத்திலும் ஸ்டோர்ஸ் சிஸ்டத்திலும் அந்த நம்பர்களை அடைத்துவிடச் சொல்லுங்கள். அக்கா பையனிடம் அன்றைக்குச் சொல்ல மறந்தது இதுதான், மறுநாள் காலையில் நானே கூப்பிட்டுச் சொன்னேன். "ஸ்டோர்ஸ்லதான் மாமா நிக்கறேன், டார்ச் அடிச்சுப் படிச்சுக்கிட்டிருக்கேன்" என்றான்.